ஐ.டி. கான்ட்ராக்ட் இன்டர்வியூவில் டெக்னிக்கல் கேள்விகள்: அடிக்கடி கேட்கப்படும் சந்தேகங்கள்

கடலூர், நெல்லிக்குப்பம், வில்லியனூர், லாஸ்பேட்டை என்று இந்தப் பக்கத்தில் வீட்டிலிருந்தே கான்ட்ராக்ட்டில் வேலை பார்க்கிறவர்கள் இப்போது தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். நானும் அந்த வகைதான், கொஞ்ச காலமாகக் கிளையன்ட், அதாவது வேலை கொடுக்கிற கம்பெனி பக்கம் உட்கார்ந்து இன்டர்வியூ எடுக்கவும் செய்கிறேன். அதனாலேயே வாட்ஸ்அப்பிலும் டீக்கடையிலும் கல்யாண மண்டபப் பந்தியிலும் கூட ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அண்ணா, ஆறு மாச கான்ட்ராக்ட்டுக்குக்கூட டெக்னிக்கல் ரவுண்டு வைப்பாங்களா?

வைப்பார்கள், பெரும்பாலும் இரண்டு. முதலில் வெண்டர், அதாவது கிளையன்ட்டுக்கு ஆள் பிடித்துத் தரும் நிறுவனம், அதன் பக்கத்து ஆள் ஒருவர் கையில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு கேட்பார், அதற்கெல்லாம் பதில் அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அப்புறம் கிளையன்ட் ரவுண்டு. முடிவாவது அங்கேதான். நடுவில் இன்னொரு சப்-வெண்டர் இருந்தால் அவரும் தன் பங்குக்கு ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் அனுப்புவார்.

"பிடிக்கலைன்னா நாளைக்கே அனுப்பிடலாமே, அப்புறம் எதுக்கு இவ்வளவு சோதனை" என்று கேட்கிறார்கள். நியாயம்தான், ஆனால் ஆளை அனுப்புவதுதான் சுலபம், கொண்டுவருவது அப்படியில்லை. லேப்டாப் வர வேண்டும், விபிஎன் வேண்டும், கோடு ரெப்போவுக்கு ஒரு அனுமதி, டேட்டாபேஸுக்கு இன்னொரு அனுமதி, நடுவில் பேக்ரவுண்டு வெரிஃபிகேஷன் வேறு. மூன்று மாத வேலையில் ஆள் சரியில்லை என்று தெரியவரும்போது ஒரு மாதம் போயிருக்கும், அடுத்த ஆளுக்கு இதையெல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்தப் பயம்தான் அந்த ஒரு மணி நேர இன்டர்வியூ.

பர்மனென்ட் இன்டர்வியூவுக்கும் இதுக்கும் என்னதான் வித்தியாசம்?

பர்மனென்ட் ஆளை எடுக்கும்போது இவர் இரண்டு வருடத்தில் எப்படி வளர்வார், டீமோடு ஒத்துப்போவாரா, லீடாக வருவாரா என்றெல்லாம் பார்ப்பார்கள். இன்றைக்கு ஒரு விஷயம் தெரியாவிட்டால் பரவாயில்லை, கற்றுக்கொடுத்துக்கொள்ளலாம். கான்ட்ராக்டருக்கு யாரும் கற்றுக்கொடுக்கப் போவதில்லை. இந்த வேலை, இந்த டூல், இந்தத் தேதி, உங்களால் முடியுமா முடியாதா என்பது ஒன்றுதான் கேள்வி.

அதனால் கான்ட்ராக்ட் இன்டர்வியூவில் கேள்விகள் குறுகலாக இருப்பது இயல்பு. ஒரு பேங்கின் பழைய ஆரக்கிள் டேட்டாபேஸைப் போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸுக்கு மாற்றும் வேலை என்றால் முழுக்க முழுக்க அதைச் சுற்றியே கேட்பது நல்ல அறிகுறி. அங்கே போய் உங்கள் பலம் பலவீனம் என்ன, ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்று கேட்கிறார் என்றால் அவர் பர்மனென்ட் ஆளுக்கு வைத்திருந்த தாளையே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

இந்தக் கேள்வியெல்லாம் நிஜமாவே பிரயோஜனப்படுதா, இல்ல சும்மா ஆளை வடிகட்டறதுக்கா?

இரண்டும்தான். வடிகட்டுவதைக் குறைத்துப் பேசாதீர்கள். 2007-ல் ஃபிஸ்பஸ் என்று ஒரு சின்னக் கணக்கு இன்டர்வியூ எடுப்பவர்கள் மத்தியில் பிரபலமானது: ஒன்றிலிருந்து நூறு வரை அச்சடி, மூன்றால் வகுபட்டால் ஃபிஸ், ஐந்தால் வகுபட்டால் பஸ், மூன்று, ஐந்து என்ற இரண்டு எண்ணாலுமே வகுபட்டால் ஃபிஸ்பஸ். கல்லூரி இரண்டாம் வருடப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் போடுவான். அதையே போட முடியாமல் நிறைய விண்ணப்பதாரர்கள் நின்றார்கள் என்பதுதான் அது பிரபலமானதற்குக் காரணம். இன்றும் அப்படிப்பட்டவர்கள் வருகிறார்கள், ரெஸ்யூமில் பத்து வருடம் என்று போட்டுக்கொண்டே வருகிறார்கள். அவர்களை நிறுத்த ஒரு கேள்வி தேவைதான்.

வடிகட்டிய பிறகு இருப்பவர்களில் யார் நன்றாக வேலை செய்வார் என்பதைக் கேள்விகள் காட்டுமா என்பது அடுத்த விஷயம். இதைப் பல பத்து வருடங்களாக ஆராய்ந்திருக்கிறார்கள். 1998-ல் ஷ்மிட், ஹன்டர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்தார்கள். 2022-ல் சாக்கெட்டும் கூட்டாளிகளும் அதே கணக்கைத் திருத்திப் போட்டார்கள். ஒவ்வொரு சோதனை முறையும் ஆள் பிற்பாடு எப்படி வேலை செய்வார் என்பதை எவ்வளவு கணிக்கிறது என்று ஒரு எண் போட்டார்கள்: ஒன்று என்றால் துல்லியமான கணிப்பு, பூஜ்யம் என்றால் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மார்க் போடும் இன்டர்வியூவுக்கு 2022 கணக்கில் 0.42 வந்தது, வேலை சார்ந்த அறிவைச் சோதிக்கும் தேர்வுக்கு 0.40, வேலையின் ஒரு துண்டையே செய்யச் சொல்வதற்கு 0.33. அன்றைக்கு வாயில் வந்ததைக் கேட்கும் இன்டர்வியூவுக்கு வெறும் 0.19.

இவை ஐ.டி. கான்ட்ராக்டர்களை மட்டும் வைத்துச் செய்தவை அல்ல, எல்லாத் தொழிலும் கலந்தவை. ஆனாலும் நான் பார்த்ததோடு பொருந்துகிறது. டெக்னிக்கல் கேள்வி உதவும், அது அந்த வேலையிலிருந்து எடுத்த கேள்வியாக இருந்து, வருகிற எல்லோரிடமும் அதையே கேட்டால். இன்டர்வியூ எடுப்பவர் நேற்று இரவு படித்ததை இன்று உங்களிடம் கேட்டால் அதில் அவருக்குத்தான் ஆனந்தம்.

மேன்ஹோல் மூடி ஏன் வட்டமா இருக்கு, சென்னையில எத்தனை பெட்ரோல் பங்க் இருக்கும், இந்த மாதிரி புதிர் போடறாங்களே?

இப்போது குறைந்துவிட்டது. இந்தப் பழக்கத்துக்குப் பேர்போன கூகுளிலேயே ஆள்சேர்ப்புக்குத் தலைமை வகித்த லாஸ்லோ பாக் 2013-ல் ஒரு பேட்டியில் புதிர்க் கேள்விகள் சுத்தமாக நேர விரயம், அவற்றை வைத்து எதையும் கணிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டார். அப்புறமும் யாராவது கேட்டால் சிரித்துக்கொண்டே ஏதாவது பதில் சொல்லிவிட்டு நகருங்கள். சண்டை போட வேண்டாம்.

வேலையில எல்லாத்தையும் கூகுள் பண்ணித்தானே பார்க்கறோம், அப்புறம் ஏன் மனப்பாடமா கேக்கறாங்க?

மனப்பாடமாகக் கேட்பவர்களிடம் எனக்கும் கோபம் உண்டு. ஜாவாவில் இத்தனாவது வெர்ஷனில் என்ன புதிதாக வந்தது, இந்தக் கமாண்டுக்கு எந்த ஸ்விட்ச் என்பதெல்லாம் ஒரு நொடியில் தேடிக்கொள்ளக் கூடியவை. அதைக் கேட்டு மார்க் போடுவது நேற்று கோச்சிங் எடுத்தவனுக்குத்தான் சாதகம்.

ஆனால் எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. எதைத் தேட வேண்டும் என்று தெரிவதற்கே கொஞ்சம் தலையில் இருக்க வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு ப்ரொடக்ஷனில், அதாவது கஸ்டமர்கள் பயன்படுத்தும் நிஜ சிஸ்டத்தில், க்வெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) ஒன்று தொங்கிக்கொண்டு நிற்கிறது, இன்னொரு வேலை அந்த டேட்டாவைப் பூட்டி வைத்திருக்குமோ என்ற சந்தேகமே வராதவர் கூகுளில் எதை டைப் செய்வார்? அந்தச் சந்தேகம் வருகிறதா என்று பார்க்கத்தான் நல்ல இன்டர்வியூ. கமாண்டின் பெயர் ஞாபகம் இல்லை, ஆனால் செய்ய வேண்டியது இது என்று சொன்னால் நான் முழு மார்க் போடுவேன். அப்படிப் போடாதவர்களும் இருக்கிறார்கள்.

சரி, நல்ல கேள்வின்னா எப்படி இருக்கும்? ஒண்ணு சொல்லுங்க பாப்போம்.

லினக்ஸ் சர்வர் பார்க்கும் வேலைக்கு நான் கேட்பது இது. டிஸ்க் நிரம்பிவிட்டது என்று அலாரம் அடிக்கிறது. டிஎஃப் (டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் கமாண்ட்) போட்டால் நூறு சதவீதம் என்கிறது. டியூ (ஃபைல்களின் அளவைக் காட்டும் கமாண்ட்) போட்டுக் கூட்டிப் பார்த்தால் பாதிகூட வரவில்லை. மீதி எங்கே போனது?

அடிபட்டவர் உடனே சொல்வார், யாரோ பெரிய லாக் ஃபைலை (நடந்ததையெல்லாம் பதிவு செய்யும் ஃபைல்) அழித்திருக்கிறார்கள், ஆனால் அப்ளிகேஷன் இன்னும் அதைத் திறந்து வைத்திருக்கிறது, ஃபைலின் பெயர்தான் போயிருக்கிறது, இடம் போகவில்லை. எல்எஸ்ஓஎஃப் (திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் கமாண்ட்) போட்டு அழிக்கப்பட்ட ஃபைலை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்து அந்த ப்ராசஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்ப வந்துவிடும். இதோடு நிறுத்தினால் இதுவும் மனப்பாடக் கேள்விதான், யூடியூபில் கிடைக்கும். நான் காத்திருப்பது இதற்கு அடுத்ததுக்கு. பகல் பதினொரு மணி, கஸ்டமர்கள் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், ரீஸ்டார்ட் பண்ண முடியாது என்றால்? ஒருவர் ப்ராக் என்ற சிஸ்டம் ஃபோல்டர் அடியில் அந்த ப்ராசஸ் பிடித்திருக்கும் ஃபைலைத் தேடி அதைக் காலியாக்கலாம் என்பார். இன்னொருவர், தேவையில்லாத பழைய பேக்கப்பை முதலில் நகர்த்தி மூச்சு விட இடம் பண்ணிக்கொண்டு ராத்திரி ரீஸ்டார்ட்டுக்கு அனுமதி வாங்குவேன் என்பார். இரண்டும் சரி. நான் எடுப்பது பெரும்பாலும் இரண்டாமவரை. அடுத்து, இது மறுபடி நடக்காமல் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் பேச்சு லாக் ரொட்டேஷனுக்கு, அதாவது பழைய லாக் ஃபைல்களை அவ்வப்போது தானாக ஒதுக்கி அழிப்பதற்குப் போகும், அங்கிருந்து அந்தச் சர்வரை யார் கவனிக்கிறார்கள் என்பதற்குப் போகும். ஒரே கேள்வியில் இருபது நிமிடம் ஓடிவிடும், ஆள் யார் என்பதும் தெரிந்துவிடும்.

டேட்டாபேஸ் ஆட்களுக்கு இதே மாதிரி ஒன்று உண்டு. ஒரு ஆர்டர்கூடப் போடாத கஸ்டமர்களை எடுக்கச் சொல்லி நாட் இன் ('இந்தப் பட்டியலில் இல்லாதவை' என்று கேட்பது) வைத்து எழுதிய க்வெரியைக் காட்டுவேன். டெஸ்ட்டில் சரியாக வருகிறது, ப்ரொடக்ஷனில் ஒரு வரிகூட வரவில்லை. ஆர்டர் டேபிளில் கஸ்டமர் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் எங்கோ ஒரே ஒரு நல் (மதிப்பே இல்லாத வெற்றிடம்) உட்கார்ந்திருக்கிறது, அது ஒன்று போதும், மொத்தப் பதிலும் காலி. அதற்குப் பதிலாக நாட் எக்ஸிஸ்ட்ஸ் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்பவர் பாஸ். அந்த நல் எப்படி உள்ளே வந்தது என்று திருப்பிக் கேட்பவரை நான் விடமாட்டேன்.

பக்கத்துல ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருந்தா எனக்குக் கை ஓடல. தனியா உட்கார்ந்தா நல்லா எழுதுவேன். இது என் குறையா?

இல்லை. 2020-ல் நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து இதையே சோதித்துப் பார்த்தார்கள். 48 மாணவர்கள், ஒரே மாதிரிக் கணக்கு. பாதிப் பேரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கச் சத்தமாகப் பேசிக்கொண்டே போர்டில் எழுதச் சொன்னார்கள், பாதிப் பேரைத் தனி அறையில் விட்டார்கள். பார்க்கப்பட்டவர்களின் திறன் பாதிக்கும் கீழே போனது. அவர்களில் இருந்த பெண்கள் ஒருவர்கூட முடிக்கவில்லை, தனி அறையில் இருந்த பெண்கள் எல்லோருமே முடித்தார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் இன்டர்வியூ எடுக்கிற எல்லோரும் படிக்க வேண்டிய ஆய்வு.

நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. "ரெண்டு நிமிஷம் அமைதியா யோசிச்சுட்டுச் சொல்றேன்" என்று கேளுங்கள், யாரும் மறுப்பதில்லை. அப்புறம் வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழகுங்கள், அவருக்குக் கோடிங் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. செம்மண்டலத்தில் ஒரு தம்பி தன் பாட்டியை உட்காரவைத்துப் பழகினான், பாட்டி பாதியில் தூங்கிவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

பதினஞ்சு வருஷ அனுபவம் எனக்கு. என்னைப் போய் பைனரி ட்ரீயைத் திருப்பிப் போடச் சொல்றான் சார், நேத்து வந்த பையன்!

உங்களுக்கு ஒரு துணை இருக்கிறது. மேக் கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர் நிறுவ உதவும் ஹோம்ப்ரூ என்ற டூலை எழுதிய மேக்ஸ் ஹவல் 2015-ல் இதையே சொல்லிப் பொருமினார்: உங்கள் இன்ஜினியர்களில் தொண்ணூறு சதவீதம் பேர் நான் எழுதியதைப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் போர்டில் பைனரி ட்ரீயை (இரண்டிரண்டு கிளையாகப் பிரியும் டேட்டா அமைப்பு) இடம் வலம் மாற்றித் திருப்பத் தெரியவில்லை என்று என்னை அனுப்பிவிட்டார்கள் என்று கூகுளைப் பற்றி எழுதினார். உலகமே அவர் பக்கம் பேசியது. ஆனாலும் அந்தக் கேள்வி இன்னும் ஒழியவில்லை.

கோபம் நியாயம். ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன ஆய்வுத் தொகுப்புகளில் அடிமட்டத்தை ஒட்டிக் கிடப்பவற்றில் ஒன்று எது தெரியுமா, அனுபவ வருடங்களின் எண்ணிக்கை. 1998 கணக்கில் 0.18, பிறகு வந்த கணக்குகளில் இன்னும் கீழே. பதினைந்து வருடம் என்பது ஒரே வருடத்தைப் பதினைந்து முறை வாழ்ந்ததாகவும் இருக்கலாம் இல்லையா, எதிரே இருக்கும் பையனுக்கு அது எப்படித் தெரியும்? அவன் வயதைப் பார்க்காமல், "இந்தப் ப்ராஜெக்ட்டில் இது எங்கே வருது தம்பி?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். வருகிறது என்றால் போட்டுக் காட்டுங்கள். வரவில்லை என்றால் பேச்சு பெரும்பாலும் உங்கள் அனுபவத்தின் பக்கம் திரும்பிவிடும். அப்படியும் பிடிவாதமாக நின்றால், அந்த டீமில் கோடு ரிவ்யூ (நீங்கள் எழுதியதை இன்னொருவர் சரிபார்ப்பது) எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாமா?

தாராளமாக. உடனே நிறுத்திவிடாமல், "இதைச் செஞ்சதில்ல, இதுக்குப் பக்கத்துல இதைச் செஞ்சிருக்கேன், இப்படி ஆரம்பிப்பேன்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து கேள்விக்கு ஐந்துக்கும் தெரியாது என்றால் அது வேறு, அந்த வேலை உங்களுடையது இல்லை.

வெண்டர் எங்கிட்ட கேக்காமலே ரெஸ்யூம்ல குபர்னெட்டிஸ் சேர்த்துட்டான். கிளையன்ட் அதையே கேக்கறாரு. என்ன பண்ண?

இது நடக்காத வாரமே இல்லை. (டாக்கர் என்பது அப்ளிகேஷனைப் பொட்டலமாகக் கட்டி ஓட்டும் டூல், குபர்னெட்டிஸ் அப்படிப்பட்ட பொட்டலங்களைப் பல சர்வர்களில் நிர்வகிக்கும் டூல்.) வேலைக் குறிப்பில் இருக்கிற வார்த்தை ரெஸ்யூமில் இல்லை என்றால் முதல் கட்டத்திலேயே தள்ளிவிடுவார்கள் என்று வெண்டர் பக்கத்துப் பிள்ளைகள் தாங்களே ஒட்டிவிடுகிறார்கள். மாட்டுவது நீங்கள்.

இன்டர்வியூவுக்கு முன்னால், கிளையன்ட்டுக்கு அனுப்பிய அதே காப்பியை மெயிலில் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் தருகிறவரை விடாதீர்கள். அப்படியும் நேரில் இந்தக் கேள்வி வந்துவிட்டால், "என் ரெஸ்யூம்ல அது இருந்திருக்காது சார், நான் டாக்கர் வரைக்கும் செஞ்சிருக்கேன்" என்று நிதானமாகச் சொல்லிவிடுங்கள். வெண்டருக்குச் சங்கடம்தான், ஆனால் உங்களைப் பொய்யர் என்று அந்தக் கிளையன்ட் குறித்துவைத்துக்கொண்டால் வேறு எந்த வெண்டர் மூலமாகப் போனாலும் கதவு திறக்காது.

ஆளை மாத்தி உட்கார வைக்கறது, காதுல ப்ளூடூத்து, இப்ப ஏ.ஐ. வேற. இதுக்கு மேல டெக்னிக்கல் கேள்வி கேட்டு என்ன பிரயோஜனம்?

பிராக்ஸி பழைய வியாதி. ரேட் பேசி ஆள் பிடித்துத் தரும் கூட்டம் இருக்கிறது, யாருக்கும் தெரியாததில்லை. இன்டர்வியூவில் ஒரு முகம், வேலைக்கு வருவது இன்னொரு முகம். அதனால்தான் இப்போது அடையாள அட்டையைக் கேமராவில் காட்டச் சொல்கிறார்கள், முழு ஸ்கிரீனையும் ஷேர் பண்ணச் சொல்கிறார்கள், கடைசி ரவுண்டுக்கு ஆபீசுக்கே வரச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். பாண்டியிலிருந்து ஈசிஆரில் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய் அரை மணி நேரம் பேசிவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது. யாரோ செய்ததற்கு நாம் டிக்கெட் எடுக்கிறோம்.

ஏ.ஐ. வந்து கொன்றது மனப்பாடக் கேள்விகளை மட்டும்தான், அதில் எனக்கு வருத்தமில்லை. கேட்டதும் கண் ஒரு பக்கமாக ஓடி, ஐந்தாறு நொடி இடைவெளி விட்டு, எண் போட்ட மாதிரி அழகான பதில் வந்தால் நமக்கே தெரிந்துவிடும். அந்த டிஸ்க் கேள்வியில் இரண்டாவது மூன்றாவது சுற்றுக்குப் போகும்போது அவர்களால் தாக்குப்பிடிக்க முடிவதில்லை, ஏனென்றால் நான் கேட்பது, "நீங்கள் இருந்த இடத்தில் இதற்கு யாரிடம் அனுமதி வாங்கினீர்கள், அவர் என்ன சொன்னார்" என்பது போல. சில கிளையன்ட்டுகள் இன்னும் ஒருபடி மேலே போய் ஏ.ஐ.யைத் திறந்து வைத்துக்கொள்ளவே சொல்கிறார்கள். ஏ.ஐ. எழுதிய நாற்பது வரிக் கோடைக் கொடுத்து இதில் என்ன கோளாறு என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்து இன்றைய வேலைக்கு மிக நெருக்கமான கேள்வி அதுதான்.

வீட்ல செஞ்சு அனுப்புன்னு ரெண்டு நாள் வேலை குடுத்தாங்க. பார்த்தா அவங்க ப்ராஜெக்ட்டு மாதிரியே இருக்கு. செய்யலாமா?

இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிகிற, கற்பனையான ஒரு சின்ன வேலை என்றால் செய்யுங்கள். சத்தமாகப் பேசிக்கொண்டே எழுத வராதவர்களுக்கு இது வரப்பிரசாதம். அடுத்த ரவுண்டில் அதை வைத்தே பேசுவார்களா என்று கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்; பேசமாட்டார்கள் என்றால் யார் செய்து கொடுத்தது என்று அவர்களுக்குக் கவலையே இல்லை என்று அர்த்தம்.

அவர்களுடைய உண்மையான டேட்டா, உண்மையான ஸ்கிரீன், இரண்டு நாள் உழைப்பு என்றால் அது இன்டர்வியூ இல்லை, ஓசி வேலை. "இது சுமார் பதினாறு மணி நேரம் ஆகும், என் ரேட் இவ்வளவு, செய்யட்டுமா?" என்று மெயிலில் கேட்டுவிடுங்கள். நேர்மையான இடமாக இருந்தால் வேலையைச் சுருக்கித் தருவார்கள். சிலர் காசும் கொடுத்திருக்கிறார்கள்.

எங்க ஏரியால திடீர்னு கரண்ட் போயிடும். நடுவுல கட்டானா போச்சா?

போகாது, முன்கூட்டியே சொல்லியிருந்தால். மோடத்துக்கு ஒரு சின்ன யூபிஎஸ், வீட்டு இணைப்பு ஒரு கம்பெனி என்றால் போனில் இன்னொரு கம்பெனி சிம், ஆரம்பத்திலேயே "கட்டானால் இந்த நம்பரில் கூப்பிடுங்கள்" என்று ஒரு வரி. 2011-ல் தானே, 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் என்று புயல்கள் நம் தலைக்கு நேரே கரையேறுகிற ஊர் இது, ஐப்பசி கார்த்திகையில் இன்டர்வியூ வைத்தால் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் தேதியை நீங்களே மாற்றிக் கேளுங்கள். புயல் என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

பாண்டில ஃபிரான்ஸ் கிளையன்ட்டு நிறைய வருது. இங்கிலீஷே தடுமாறுது எனக்கு, டெக்னிக்கலா மட்டும் ஸ்ட்ராங். எடுப்பாங்களா?

எதிரே இருப்பவருக்கும் இங்கிலீஷ் இரண்டாம் மொழிதான், அதனால் பிரெஞ்சுக்காரர்களோடு பேசும்போது இலக்கணத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். வேகமாகப் பேசுவதுதான் பிரச்சினை. ஸ்கிரீனைப் பகிர்ந்துகொண்டு ஒரு படம் வரைந்து காட்டிப் பேசுங்கள், பாதி வாக்கியம் மிச்சம். பிரெஞ்சு தெரிந்தால் டாக்குமென்ட், டேட்டாபேஸ் காலம் (நெடுவரிசை) பெயர் எல்லாம் படிக்க உதவும், ரேட்டும் கொஞ்சம் ஏறும், ஆனால் டெக்னிக்கல் ரவுண்டில் அது டெக்னிக்கலுக்குப் பதிலாகாது.

இன்னொன்று, நேரம். நமக்கும் அவர்களுக்கும் கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். அந்த வாரத்தில் இன்டர்வியூ இருந்தால் காலண்டர் அழைப்பில் இருக்கிற நேரத்தை ஒருமுறை சரிபாருங்கள்.

நான் இப்ப லீடு, எங்க டீமுக்குக் கான்ட்ராக்டர் எடுக்கணும். நான் என்ன கேக்கட்டும்?

இணையத்தில் "முதல் ஐம்பது கேள்விகள்" தேடாதீர்கள், அவரும் அதையேதான் படித்துவிட்டு வருவார். உங்கள் டீமில் கடந்த மாதம் முடித்த டிக்கெட்டுகளை, அதாவது பதிவான வேலைகளையும் புகார்களையும் திறந்து, அதில் ஆளை அலைக்கழித்த மூன்றை எடுங்கள். கிளையன்ட் பெயர், ரகசியமான விவரங்களை நீக்கிவிட்டு அதையே கேள்வியாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் அடுத்தடுத்து என்ன கேட்பீர்கள் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள், சுமாரான பதில் எது, நல்ல பதில் எது என்பதையும் ஆளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். ஆளைப் பார்த்த பிறகு எழுதினால் பிடித்தவருக்கு ஏற்ற மாதிரி அளவுகோல் வளைந்துவிடும், அதிலும் அவர் நம்ம ஊர்க்காரர், நம்ம காலேஜ் என்று தெரிந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

எல்லோரிடமும் அதே மூன்று. இரண்டு பேர் பேனலில் இருந்தால் மார்க்கைத் தனித்தனியாகப் போட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள். கான்ட்ராக்டருக்கு ஐந்து ரவுண்டு வைக்காதீர்கள். நல்ல கான்ட்ராக்டர் மூன்றாவது ரவுண்டுக்குள் வேறு எங்காவது சேர்ந்திருப்பார், ஐந்தாவதுக்கும் காத்திருக்கிறவர் ஏன் காத்திருக்கிறார் என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

நாம திருப்பி என்ன கேக்கலாம்? கேட்டா திமிர்னு நினைச்சுக்குவாங்களோ?

கேட்காவிட்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும். இந்த இடத்தில் எனக்கு முன்னால் யார் இருந்தார், ஏன் போனார்? எழுதி முடித்த கோடு ப்ரொடக்ஷனுக்கு எப்படிப் போகிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை? எல்லா ஆக்சஸும் வர எத்தனை நாள் ஆகும், அதுவரைக்கும் பில் ஓடுமா? கடைசிக் கேள்விக்கு வெண்டரைப் பார்ப்பார்கள். நீங்களும் வெண்டரைப் பாருங்கள்.

இதைவிட முக்கியமானது, அவர்கள் கேட்கிற கேள்விகளைக் காது கொடுத்துக் கேட்பது. ஒரு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் மெமரி லீக் (ப்ரோகிராம் மெமரியைத் திருப்பித் தராமல் தின்றுகொண்டே போவது) பற்றியே கேட்டார்கள் என்றால் அந்தச் சர்வர் தினமும் விழுந்துகொண்டிருக்கிறது. வேலைக் குறிப்பில் புதிதாகக் கட்டும் ப்ராஜெக்ட் என்று போட்டுவிட்டு, இருபது வருடப் பழைய கோடைப் படிக்கத் தெரியுமா என்று நாலு விதமாகக் கேட்டால் எது உண்மை என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். ரேட் பேசுவதற்கு இதைவிட நல்ல தகவல் உங்களுக்கு வேறு எங்கும் கிடைக்காது.

எல்லாத்துக்கும் கரெக்டா பதில் சொன்னேன். இருந்தும் எடுக்கல. ஏண்ணா?

பல நேரம் உங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. பட்ஜெட் நின்றிருக்கும், உள்ளே இருந்தே ஒருவரை மாற்றியிருப்பார்கள், உங்களைவிடக் குறைந்த ரேட்டில் ஒருவர் கிடைத்திருப்பார். இன்னொரு காரணம் பலருக்குத் தெரிவதில்லை: இரண்டு வெண்டர்கள் உங்கள் ரெஸ்யூமை ஒரே கிளையன்ட்டுக்கு அனுப்பியிருந்தால், யாருக்குக் கமிஷன் என்ற தகராறு வேண்டாம் என்று இரண்டையும் ஒதுக்கிவிடும் இடங்கள் உண்டு. கிளையன்ட் பெயரைக் கேட்காமல் யாருக்கும் சரி சொல்லாதீர்கள், யாருக்குச் சொன்னீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.

போன வாரம் ஒரு இடத்துல டெக்னிக்கலா ஒரு கேள்விகூடக் கேக்கல. பத்து நிமிஷம் பேசிட்டு, திங்கட்கிழமை சேருன்னுட்டாங்க. சந்தோஷப்படவா, பயப்படவா?

உங்களோடு முன்பு வேலை பார்த்த ஒருவர் அங்கே இருந்து சொல்லியிருந்தால் சந்தோஷப்படுங்கள், அவர் சொன்ன வார்த்தை எந்த இன்டர்வியூவையும்விட மேல். அப்படி யாரும் இல்லை என்றால் கொஞ்சம் நிதானம். ஒன்று, அங்கே உங்களை எடைபோடத் தெரிந்த ஆள் யாரும் இல்லை, போனால் மொத்தப் பாரமும் உங்கள் தலையில். இன்னொன்று, கிளையன்ட்டுக்குப் பத்து பேர் என்று கணக்குக் காட்டிவிட்டார்கள், பத்தாவது தலை நீங்கள். இரண்டாவது வகையில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டு இரண்டு மாதத்தில் வெளியே வர வேண்டியிருக்கும், அந்த இரண்டு மாத பில்லுக்கு அலைய வேண்டியும் இருக்கலாம்.

அதனால், "சேருவதற்கு முன்னால் ப்ராஜெக்ட் பார்க்கிற டெக்னிக்கல் ஆளோடு இருபது நிமிஷம் பேசணும்" என்று கேளுங்கள். கொடுத்தால், நாம் திருப்பிக் கேட்பவை என்று மேலே சொன்னேனே, அந்தக் கேள்விகளைக் கேளுங்கள். கொடுக்காமல் இழுத்தடித்தால், பில் யார் பெயரில் போட வேண்டும், எத்தனை நாளில் பணம் வரும், பாதியில் நிறுத்தினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்ற மூன்றும் எழுத்தில் கைக்கு வருகிற வரை திங்கட்கிழமையை அடுத்த திங்கட்கிழமைக்குத் தள்ளிவையுங்கள்.